வரிசை தப்பிய ஆட்கள்

ஜனவரி 3, சனி

யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இந்த ஐம்பது வயதில், கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற ஓர் ஆளோடு சண்டை போட்டுக்கொண்டு முந்தாநாளிலிருந்து பேசாமல் இருக்கிறேன். அந்த ஆளுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் சட்டை செய்கிற ஆள் இல்லை.

இந்த டைரி மசாலாத்தூள் ஏஜெண்ட் கொடுத்தது. தெருத் தெருவாகப் பாக்கெட் மிளகாய்த்தூளும் பாக்கெட் கோதுமை மாவும் போட்டு என் மாவு மில்லுக்குக் குழி தோண்டுகிறவன் அவன்தான். வருசப் பிறப்புக்கு டைரியும் கொண்டு வந்து நீட்டுகிறான். “இதுல என்னத்தடே எழுத? ஒன் கம்பெனி படுத்த தேதியக் குறிச்சு வைக்கவா?” என்று கேட்டேன். “எழுதுங்கக்கா, நானும் வேற வேலை பாத்துக்கிடுதேன்” என்று சிரித்தான். நல்ல பிள்ளைதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சண்டை என்னவென்று புரிய, விளையாட்டை முதலில் சொல்ல வேண்டும். என் மகள் கோமு காலேஜில் படிக்கும்போது பரீட்சைக்காகச் செய்த விளையாட்டு. அதில் நம் மில்லுதான் வரும். வாசலில் ஜனங்கள் டின்னோடு வரிசையில் நிற்பார்கள். எல்லாம் நம் தெரு ஆட்கள், முகம் மட்டும் பொம்மை. யாருக்குப் பிறகு யார் டின்னைக் கொட்டுவது என்று நான் முடிவு செய்ய வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைக் கொட்டினால் வாடிக்கைக்காரருக்குக் கோபம் ஏறும். மிசினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவுக உட்கார்ந்திருப்பாக. கோமுவோட அப்பா. ஒரு டின் முடிந்ததும் ஏதாவது சொல்வாக. “அடுத்த ஆளக் கூப்பிடு.” “மாவு சூடா இருக்கு, ஆற விடு.” “டீ குடிச்சியா?” இந்த மூன்றுதான். கீழே ஒரு பெட்டி வரும். நாம் பதில் எழுதலாம். எழுதித் தட்டினால் எழுத்து மறைந்துவிடும், அவுக தலையை ஆட்டுவாக. அவ்வளவுதான்.

அவுக தவறிய பிறகு மத்தியானம், வீட்டோடு ஒட்டின மில்லில் ஆள் இல்லாத நேரத்தில், இதை லேப்டாப்பில் திறந்து வைப்பேன். பொழுது போகணுமே. கீபோர்டில் கோமு தமிழ் எழுத்து ஒட்டி வைத்திருக்கிறாள். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவேன்.

வருசப் பிறப்பன்று, “மோட்டார் கூவுது, ஆளக் கூட்டியாந்து பாக்கவா, இல்ல அப்படியே விட்டுறவா?” என்று எழுதினேன். அதற்கு அவுக, “டீ குடிச்சியா?” என்றாக. எனக்கு வந்ததே கோபம்.

ஜனவரி 4, ஞாயிறு

கோமு போன் பண்ணினாள். நொய்டாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன்.

“மில்லுல ஆள் வாராகளாம்மா?”

“ஏட்டி, கோமதியம்மன் கோயில் தவசுத் திருநா மாதிரி கூட்டம். கையக் கழுவ நேரமில்ல. வை போனை” என்று வைத்துவிட்டேன்.

பிறகு வாசல் கூட்டினேன். வாசல் சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 7, புதன்

பேசிவிட்டேன். நான்தான் முதலில். எப்போதும் நான்தான் முதலில்.

ஜனவரி 12, திங்கள்

பொங்கல் புண்ணியத்தில் நிஜமாகவே ஆள் வந்தது. பச்சரிசி, வெல்லப் பணியாரத்துக்கு மாவு, மிளகாய். மூன்றாவது தெரு பாக்கியத்தாய் மதினி கோதுமையைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“முன்னாடி என்ன அரைச்சே?”

“வத்தல்.”

“ஏ பாவி, அப்ப எனக்கு வேண்டாம்.”

“ரெண்டு கை அரிசி போட்டுக் கல்லத் தொடச்சுட்டேன், மதினி. அண்ணாச்சி ஒருநா சப்பாத்தி தின்னு கண்ணீர் விட்டா என்ன, ஒன் மேல பாசம்னு நெனச்சுக்கோ.”

“அவரு என் மொகத்தப் பாத்தே கண்ணீர் விடுதாரு” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

இந்த மதினியும் விளையாட்டில் இருக்கிறாள், அது அவளுக்குத் தெரியாது. கோபம் பத்துக்கு ஒன்பது என்று வைத்திருக்கிறாள் கோமு.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

ஒரு ஆளுக்குப் பொங்கல் வைப்பது பெரிய வித்தை. சின்னப் பானை கிடைக்காது. பெரிய பானையில் வைத்துவிட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்களும் நாலு கிண்ணம் திருப்பிக் கொடுத்தார்கள். கணக்கு சரியாகப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

கோமு வீடியோவில் வந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். “தல கோதுமைக் கதிர் அறுத்த காடு மாதிரில்லா இருக்கு” என்றேன். சிரித்தாள். வாய் சும்மா இருக்கிறதா? அந்தச் சிரிப்பிலேயே, “நீ செஞ்ச மில்லு விளையாட்டுல அப்பாவுக்குக் கண்ணாடி போடலையே. கடைசில போட்டாகல்லா?” என்று கேட்டுவிட்டேன்.

“அம்மா, அத நீ இன்னுமா வச்சிருக்கே?”

“எப்பமாவது. தூசி தட்டுதப்ப.”

போன் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

“நான் அதத் திறக்கதே இல்லம்மா” என்றாள். பிறகு, “கண்ணாடி போட்டு அனுப்புதேன்” என்றாள்.

ஜனவரி 19, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கோமு புது விளையாட்டை அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டர் கடை ஞானதுரை காலையில் வீட்டுக்கு வந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். மத்தியானம் திறந்தேன்.

வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாக்கியத்தாய் மதினிக்கு வயது எழுபது லட்சம். டெய்லர் அண்ணாச்சிக்குப் பெயரே கம்பு. ஒருத்திக்குத் தலை இருக்கிற இடத்தில் டின். அப்புறம் மிசின் பக்கம் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. அவுக இல்லை. நடுவில் சிவப்பாக ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது.

கோமுவுக்குப் போன் போட்டேன். மீட்டிங்கை விட்டு வெளியே வந்து பேசினாள். விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “அம்மா, மூடிராத! மூடினா அது தானா சேமிச்சிரும். இந்தத் தப்பான ஆளுகளப் பழைய ஆளுக மேல எழுதிரும். அப்புறம் எடுக்கவே முடியாது” என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டது அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான்.

“நான் சொல்லச் சொல்ல நீ அழுத்தும்மா, ஒரு நகல் எடுத்துருவோம்” என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லேப்டாப் பாட்டரி கிழட்டுப் பாட்டரி. சுண்டு விரல் அகலம் மிச்சம் இருந்தது. பாட்டரி தீரப் போகிற சமயம் அதுவே சேமித்துக்கொண்டு மூடும்படி செய்து வைத்திருக்கிறாளாம். நல்லதுக்குத்தான் செய்தாளாம்.

எதையாவது மாற்றி அழுத்திவிட்டால் போச்சே. ஞானதுரை கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். செருப்புப் போடவில்லை. மில்லுக் கதவையும் சாத்தவில்லை.

முளைப்பாரி எடுக்கிறவள் மாதிரி கடைத்தெரு நெடுக நடந்தேன். திரையில் தலைக்குப் பதில் டின் வைத்த பெண் நின்றுகொண்டே வந்தாள். பாக்கியத்தாய் மதினி எதிரே வந்து, “இது என்னடி, எந்தக் கோயிலுக்கு?” என்றாள். “ஒதுங்கு மதினி, ஒனக்கு எழுபது லட்சம் வயசு, ஓரமா நில்லு” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பூக்கடைக்காரி ஒரு முழம் பூவை எடுத்து லேப்டாப் மேல் வைக்கப் பார்த்தாள்.

ஞானதுரை வயரைச் சொருகிய பிறகுதான் தண்ணீர் குடித்தேன். அவன் கோமுவோடு போனில் பேசிப் பேசி ஃபைலை நகல் எடுத்தான். சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் புரியாத குறிகள். கொஞ்ச நேரம் பார்த்தான், சட்டென்று மூடினான்.

“அக்கா, இதுல எழுத்தும் இருக்கு. கோமுவுக்கு அனுப்பட்டா?”

“இருந்துட்டுப் போட்டும். அனுப்பு. அவ செஞ்சதுதான?”

“இல்லக்கா, ஒரு தடவ யோசிச்சு…”

“அனுப்புடே. நீயும் என்ன, மருமகன் மாதிரி இழுக்கே.”

அனுப்பினான். வீட்டுக்கு வந்தால் மில்லு திறந்தபடி கிடந்தது. எதுவும் காணாமல் போகவில்லை. களவாணிகூட வரவில்லை என் மில்லுக்கு.

ஜனவரி 20, செவ்வாய்

என்ன ஆயிற்று என்று கோமு விளக்கினாள். எனக்கு விளங்கிய அளவில் எழுதி வைக்கிறேன்.

விளையாட்டு ஓடும்போது ஆட்கள் ஆட்களாக நிற்கிறார்கள். ஒவ்வோர் ஆளும் ஓர் ஆப்ஜெக்டாம். மூடும்போது அப்படியே நிற்க முடியாது. ஒவ்வோர் ஆளையும் பிரித்து, பெயர், வயது, டின், தானியம், கோபம் என்று வரிசையாக வெறும் ஒன்றும் சைபருமாக்கி ஒரே ஃபைலில் கொட்டிவிடும். அதற்குப் பெயர் சீரியலைஸ். திறக்கும்போது அதே வரிசையில் அள்ளி அள்ளித் திரும்ப ஆளாக்கி நிறுத்தும். அது டீசீரியலைஸ்.

“மாவ மறுபடி கோதுமையாக்குதாகளாக்கும்? அரச்சவளுக்குத் தெரியாதா, அது ஆகாதுன்னு.”

“இது ஆகும்மா. எந்த வரிசைல கொட்டுனோம்னு தெரிஞ்சா ஆகும். உள்ள ‘இது பேரு, இது வயசு’ன்னு எழுதி இருக்காது. வரிசை மட்டுந்தான்.”

அது சரி. என் மில்லில் எந்த டின்னிலும் பெயர் இருக்காது. வைத்த வரிசைதான் பெயர். நடுவில் ஒருத்தி தன் டின்னைச் சொருகிவிட்டால் அதற்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் அடுத்தவள் மாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

“அதேதாம்மா! நான் கண்ணாடிய வயசுக்கு அடுத்தாப்புல சொருகிட்டேன். புது விளையாட்டு, வயசுக்குப் பொறகு கண்ணாடி வரும்னு பாக்குது. பழைய ஃபைல்ல அந்த எடத்துல டின் இருக்கு. எல்லாம் ஒண்ணு ஒண்ணு தள்ளிப் போச்சு.”

“இதுக்குத்தான் இத்தன படிப்பா? வரிசைல நடுவுல சொருகக் கூடாதுன்னு ரேசன் கடைல நிக்கிறவளுக்கே தெரியுமே, ஏட்டி.”

“காலேஜ்ல பண்ணதும்மா. அவசரத்துல கடைசில சேக்காம நடுவுல சேத்துட்டேன்” என்று சிணுங்கினாள். எத்தனை நாளாயிற்று இவள் சிணுங்கி.

பழைய விளையாட்டை எழுதிய கணக்கும் அவளிடம் இல்லையாம். பாதியைப் பழைய கம்ப்யூட்டரோடு தொலைத்துவிட்டாள். அந்தப் பாதியை ஞாபகத்தில் இருந்து எழுதித்தான் புதியதை அனுப்பினாளாம், அதில் மற்ற வரிசையும் மாறியிருக்கலாமாம். எந்த வரிசையில் கொட்டினாள் என்பது அவளுக்கே மறந்து போயிற்று. அந்தக் குறிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடியலாம், முடியாமலும் போகலாம் என்றாள். முடியாமல் போனால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

இப்போதெல்லாம் தினமும் போன். பாக்கியத்தாய்க்கு விளையாட்டில் என்ன வயது, டெய்லர் வீட்டு டின் என்ன நிறம், கம்பு கொண்டு வருகிறவள் பெயர் என்ன என்று கேட்கிறாள். நான் சொல்லச் சொல்ல, அந்த எண் எங்கே கிடக்கிறது என்று ஃபைலில் தேடிப் பிடிக்கிறாள். ஒரு வயது கிடைத்தால், அதற்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று பிடித்துவிடலாமாம். விளையாட்டில் நிற்கிற ஆட்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். கேட்கும்போதே பதில் வாய்க்கு வந்துவிடும்.

மோட்டார்க்காரர் வந்து கூவுவதைச் சரி செய்தார். கல்லைக் கொத்துவதற்கும் ஆள் சொல்லியாயிற்று.

ஜனவரி 24, சனி

டெய்லர் வீட்டு டின்னை நேற்று நீலம் என்று சொன்னேன். அது பச்சை. மறந்துபோய்ச் சொன்னதுதான். அதனால் ஒரு நாள் வேலை கூடிவிட்டது கோமுவுக்கு. சாயங்காலம் மூன்று தடவை கூப்பிட்டாள், பாவம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றினார்கள். மிட்டாய் தந்தார்கள். கோமுவுக்கு லீவு, வெகுநேரம் பேசினோம்.

ஜனவரி 28, புதன்

இந்தப் பிள்ளை நொய்டாவில் ஜோசியம் படிக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. இன்றைக்குத் திடீரென்று, “பாத்ரூம்ல ரப்பர் விரிப்பு வாங்கிப் போடும்மா, வழுக்கி விழுந்துராத” என்கிறாள். ஆடி மாதம் அங்கே விழுந்து இடுப்பு வீங்கி நாலு நாள் ஊர்ந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

நேற்று, “ராத்திரிக்குச் சோறு வடிக்கியா, இல்ல மிச்சர் தின்னுட்டுப் படுத்துருதியா?” என்று கேட்டாள்.

“மிச்சரா? நானா? ராத்திரிக்கு ரெண்டு கறி வைக்கேன்” என்றேன்.

“சரிம்மா” என்றாள். அந்தச் சரிம்மா நன்றாக இல்லை.

மில்லில் ஆள் வருதா என்று மட்டும் இந்த வாரம் ஒரு நாளும் கேட்கவில்லை. எப்போதும் கேட்பாளே.

ஜனவரி 30, வெள்ளி

கல் கொத்த ஆள் வந்தது. நாள் முழுக்க டொக் டொக். வீட்டில் இன்னோர் ஆள் இருக்கிற சத்தம் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். போய்விட்டார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

வரிசை பிடிபட்டுவிட்டது. முதலில் பெயர், பிறகு கோபம், பிறகு வயது, டின், தானியம். பேச்சு கடைசியில். கோமு சத்தம் போட்டுச் சிரித்தாள். “அப்பா வந்துட்டாரும்மா, என் திரையில நிக்காரு!” என்றாள். நான் மில்லுக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோசத்தில் அவள் சொன்னாள்: “அம்மா, அப்பா இனிமே அந்த மூணத் தவிர வேற பேசுத மாதிரி செய்யட்டா? நீ கேக்குததுக்குப் பதில் சொல்லுத மாதிரி? நீ எழுதுனதெல்லாந்தான் இருக்கே, அத வச்சு…”

“வேண்டாம்டி. உசுரோட இருந்தப்பவே அவுக அத்தன பேசினதில்ல. இப்ப பேசுனா வேற யாரோன்னு பயந்துருவேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அவள் சொன்னது காதில் விழுந்தது.

“நான் எழுதுனது எங்க இருக்கு?”

“அது… அதே ஃபைல்லதாம்மா” என்றாள்.

“கோமு. எழுதித் தட்டுனா மறைஞ்சிருமே.”

“திரைல மறையும்மா” என்றாள்.

கல் கொத்திய பொடி போக இரண்டு கை அரிசி ஓடவிட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அதைக் காலையிலேயே செய்துவிட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

மில்லு லீவு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

போன் அடித்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

போன் அடித்தது. அடிக்கட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

ஞானதுரையிடம் போனேன். அவன் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அதிலேயே தெரிந்துவிட்டது.

“அன்னைக்கே சொன்னேன்லா அக்கா, எழுத்து இருக்குன்னு.”

“எம்புட்டு இருந்துச்சு?”

“நான் படிக்கலக்கா. மொத வரி கண்ணுல பட்டுச்சு. மூடிட்டேன்.”

“மொத வரி என்ன?”

அவன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “‘இன்னைக்கும் யாரும் வரல’ன்னு இருந்துச்சு.”

அது எந்த நாள் எழுதியதென்று எனக்கே தெரியாது. அநேகமாக எந்த நாளாகவும் இருக்கலாம்.

எண்கள் ஆள் தெரியாமல் மாறிவிடுமாம். எழுத்து மட்டும் நடுவில் எழுத்தாகவே கிடக்குமாம். வத்தல் அரைத்தால் விதை மட்டும் சில சமயம் அரைபடாமல் அப்படியே வந்து விழும், அது மாதிரி. “ஒரு வார்த்த பொட்டில அடிச்ச மாதிரி சொல்லப்படாதா நீ?” என்று அவனைத் திட்டினேன். “சொன்னேன், மருமகன் மாதிரி இழுக்காதன்னீக” என்றான். அதுவும் உண்மைதான்.

கூட்டம் தவசு மாதிரி என்று ஞாயிறு ஞாயிறாக நான் அளந்ததையும், அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவுகளிடம் எழுதியதையும் அந்தப் பிள்ளை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எடுத்தேன். அவள் எதுவும் சொல்வதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன்.

“எல்லாம் படிச்சாச்சா?”

“படிச்சேம்மா.”

“மோட்டார்க்காரன நான் வஞ்சு திட்டுனத?”

“ம்.”

“ஒன்ன வஞ்சத?”

“அதாம்மா நெறைய இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “வரிசை தெரியணும்னுதாம்மா ஒவ்வொண்ணாப் பாத்தேன். மொத நாளே பேச்சு எதுன்னு பிடிபட்டுட்டு. நிறுத்தியிருக்கலாம். அன்னைக்கு ஆபீசுக்குப் போகல.”

“அவுகள்ட்ட சொன்னத நீ படிக்கலாமா?”

“படிக்கப்படாது.”

“பொறவு?”

“என்கிட்ட நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கியேம்மா. நீ சிரிக்கே, நான் போனை வைக்கேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒன் வீட்டுல கல்யாணம் மாதிரி பேசுதே. நான் எதுக்கு வந்து எடஞ்சல் பண்ணணும்னு இருந்துட்டேன்.”

போனை இந்தக் காதில் இருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“நீ மட்டும் என்ன?” என்றேன். “சாப்பிட்டேன் சாப்பிட்டேங்கே. என்ன சாப்பிட்டே இன்னைக்கு?”

“பிஸ்கட்டு” என்றாள்.

“நேத்து?”

“அதே பாக்கெட்டும்மா.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை. போனில் அழுவது ஒரு கஷ்டம், யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாது. குக்கர் விசில் அடித்ததால் நான் நிறுத்தினேன்.

“எழுதுனத அழிச்சுறட்டாம்மா?” என்று கேட்டாள். “அழிச்சுட்டு அப்பாவ மட்டும் அனுப்பலாம். முடியும்.”

யோசித்தேன். “இருந்துட்டுப் போட்டும். அவுகளுக்குச் சொன்னத அவுகள்ட்ட இருந்து எப்படிப் பிடுங்க?”

பிப்ரவரி 13, வெள்ளி

ஞானதுரை வந்து புதியதைப் போட்டுக் கொடுத்தான். இனிமேல் ஃபைலின் நெற்றியில் ஓர் எண் இருக்குமாம், எந்த வரிசையில் கொட்டியது என்று அதுவே சொல்லிவிடுமாம். நானாகத்தான் திறப்பேன் என்றேன். அவனை வெளியே நிற்க வைத்தேன்.

அவுக ஸ்டூலில் இருந்தாக. கண்ணாடி மூக்கில் கொஞ்சம் இறங்கி, நிஜத்தில் இருந்த மாதிரியே. வரிசையில் எல்லோருக்கும் தலை இருந்தது. பாக்கியத்தாய் மதினிக்கு வயது அறுபத்தொன்று. முதல் டின் அரைத்தேன். “அடுத்த ஆளக் கூப்பிடு” என்றாக.

பெட்டி வந்தது. விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். நொய்டாவில் ஒருத்தி படிப்பாளோ என்ற நினைப்பு. படிக்க மாட்டேன் என்று அம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறாள். அவள் சத்தியம் எனக்குத் தெரியும்.

ஒன்றும் எழுதாமல் தட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினாக.

பிறகு கோமுவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை. ஞாயிறு இல்லை. “இன்னைக்கு மில்லுக்கு யாரும் வரலட்டி” என்றேன். “ஒருத்தர்கூட வரல. எனக்கு என்னமோ போல இருக்கு.”

இதைச் சொல்ல எத்தனை பாடு.

“நான் வாரேம்மா” என்றாள். “லீவு கேட்டுட்டேன். இங்கேருந்து வேல பாக்க விடுவாகளான்னும் கேட்டிருக்கேன். ஒரு மாசம் இருக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழமை காலைல சென்னை ரயில்ல.”

“எதுக்குடி, எனக்கென்ன” என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். “வா” என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

பாத்ரூமுக்கு ரப்பர் விரிப்பு வாங்கினேன். வழுக்குகிறதா என்று மேலே நின்று குதித்துப் பார்த்தேன். வழுக்கவில்லை.

பாக்கியத்தாய் மதினி, “என்ன, மக வாராளாமே? கல்யாணப் பேச்சா?” என்றாள்.

“இல்ல மதினி, என்னப் பாக்க வாரா.”

“ஒன்னப் பாக்க என்ன இருக்கு?”

“நானும் அதத்தான் யோசிக்கேன்” என்றேன்.

பிப்ரவரி 21, சனி

மாவு சலித்தேன். இரண்டு கறிக்குக் காய் வாங்கினேன். கோமு படுக்கிற கட்டிலில் கிடந்த சாக்குகளை எடுத்தேன். எத்தனை சாக்கு அடுக்கி வைத்திருந்தேன் என்று எடுத்தபோதுதான் தெரிந்தது.

விளையாட்டைத் திறக்க நேரமில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ரயில் வந்தது. கழுத்தோடு வெட்டிய முடியும் மூக்கை மூடின மாஸ்க்குமாக மூன்றாவது பெட்டியில் இருந்து இறங்கினாள். ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தேன். “மெலிஞ்சு போயிட்டியேட்டி” என்று சொல்லி, முதுகைத் தடவி, நெற்றியில் முத்தமும் கொடுத்தேன். அவளும் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, “அத்தை, நான் தென்காசி போணும், தண்ணி பாட்டில் வாங்க எறங்குனேன்” என்றாள்.

கோமு ஐந்தாவது பெட்டிப் பக்கம் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தென்காசிப் பிள்ளையை விட்டுவிட்டு ரயில் போய்விட்டது. அந்தப் பிள்ளை பெயர் மல்லிகா. மூன்று பேரும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். இரண்டு கறி போதவில்லை. அப்பளம் பொரித்தேன். மத்தியானம் அவளைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.